கொம்பிரசர் போட்டும் சுரம் நிற்கவில்லை, இரைச்சல்தான் கூடுகிறது. உதவி வேண்டும்

வட்டக்கச்சியான்:
வணக்கம். ஊர் இசைக்குழுவில் லீட் கிற்றார் வாசிக்கிறேன். கோவில் திருவிழா, கலியாண வீடு எல்லாவற்றுக்கும் போவோம். பழைய மெலடிப் பாட்டுகளில் வயலின் இழுக்கிற இடங்களை நான்தான் கிற்றாரில் எடுக்க வேண்டும். அந்த இடத்தில் சுரம் நிற்க வேண்டும், எனக்கோ தட்டின கையோடு இறங்கிவிடுகிறது. ஓவர்டிரைவை (சத்தத்தைக் கரகரக்க வைக்கும் பெடல்) ஏற்றினால் நிற்கும், ஆனால் பாட்டின் குணம் கெட்டுவிடும். சுத்தமான சத்தத்திலேயே நிற்க வேண்டும்.

இதற்காகக் கொழும்பில் இருந்து பாவித்த கொம்பிரசர் பெடல் ஒன்று எடுப்பித்தேன், உரத்த சத்தத்தை அமுக்கிச் சமப்படுத்துகிற கால்பெட்டி. லெவல் (வெளிவரும் சத்த அளவு), ரோன் (சத்தத்தின் குணம்), அற்றாக் (அமுக்கம் தொடங்கும் வேகம்), சஸ்டெய்ன் (அமுக்கும் அளவு) என்று நான்கு திருகி. சஸ்டெய்னை முழுக்கத் திருப்பியும் தட்டுகிற சத்தம் அமுங்குகிறதே தவிர, சுரம் நான் நினைத்த அளவுக்கு நிற்கவில்லை. கையை எடுத்தால் ஸ்ஸ் என்று இரைச்சலும் அடியில் ஒரு உறுமலும் எழும்புகின்றன. கிற்றாரில் மூன்று சிங்கிள் கொயில் பிக்கப் (தந்தியின் ஆட்டத்தை மின்சாரமாக்கும், ஒற்றைச் சுருள் உள்ள பகுதி). ஒழுங்கு இதுதான்: கிற்றார், ஓவர்டிரைவ், டிலே (எதிரொலி தரும் பெடல்), கொம்பிரசர், அம்ப். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலை ஒட்டி அந்தப் பக்கம் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. பெடல் பழுதாக இருக்குமோ?

மாங்குளத்தான்:
தம்பி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெடல் வேலை செய்கிறது. ஒருக்கா வயரைக் கழற்றிவிட்டு, அம்ப் இல்லாமல் வெறும் கிற்றாரைத் தட்டிப் பாருங்கள். சுரம் அதில் எவ்வளவு நேரம் நிற்கிறது? எல்லாச் சுரமும் இறங்குகிறதா, ஒன்றிரண்டு மட்டுமா? தந்தி எப்போது மாற்றினது?

வட்டக்கச்சியான்:
வெறுமனே தட்டினாலும் மேல் பக்கம், 12ஆம் பிரெற்றுக்கு (கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பி) பிறகு, கெதியாகச் சாகிறது அண்ணா. சில இடத்தில் சுரம் லேசாக நடுங்குகிற மாதிரியும் கேட்கிறது. கீழ்ப் பக்கம் பரவாயில்லை. தந்தி போன திருவிழாக் காலத்துக்கு முந்தினது, மூன்றாம் தந்தியின் அடியில் துரு தெரிகிறது. சத்தம் காணாது என்று பிக்கப்பை நன்றாக உயர்த்தி வைத்திருக்கிறேன்.

வவுனியா மாஸ்ரர்:
அப்ப விசயம் கிற்றாரில் தொடங்குகிறது. பிக்கப்பில் இருப்பது காந்தம். தந்திக்கு மிகக் கிட்ட வந்தால் அது தந்தியைப் பிடித்து இழுக்கும், ஆட்டம் கெதியாக அடங்கும். அந்த நடுக்கமும் அதனால்தான். சிங்கிள் கொயிலில் இது அடிக்கடி நடக்கும், மேல் பிரெற்றுகளில்தான் கூடத் தெரியும். கடைசிப் பிரெற்றை அழுத்திக்கொண்டு தடித்த தந்திக்கும் காந்தத்துக்கும் இடையில் 2 முதல் 2.5 மில்லிமீற்றர் விடுங்கள். மெல்லிய தந்திப் பக்கம் அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம். சத்தம் குறைந்தால் குறையட்டும், அதை லெவல் திருகியில் எடுக்கலாம். தந்தியையும் மாற்றுங்கள். துருப்பிடித்த தந்திக்கு எந்தப் பெடலும் உயிர் கொடுக்காது.

இனிக் கொம்பிரசருக்கு வருவோம். அது சுரத்தை உண்டாக்குவதில்லை. உரத்த தொடக்கத்தை இறக்கி, பிறகு மொத்தத்தையும் தூக்குகிறது. தட்டின கணத்துக்கும் இரண்டு செக்கனுக்குப் பிறகும் இடையில் 12 டெசிபெல் இறங்குகிறது என்று வையுங்கள். கொம்பிரசர் 4க்கு 1 என்ற அளவில் அமுக்கினால், அந்த 12 உங்கள் காதுக்கு 3 ஆகத்தான் கேட்கும். சுரம் நிற்கிறது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். ஆனால் அமுங்கின 9 டெசிபெல்லை லெவலில் திருப்பி ஏற்றுகிறீர்கள் அல்லவா? வாசிக்காமல் நிற்கும்போது அமுக்க ஒன்றும் இல்லை, ஏற்றினது மட்டும் மிஞ்சும். இரைச்சலும் அதே 9 டெசிபெல் மேலே வரும். சஸ்டெய்னை முழுக்கத் திருப்பினால் இது இன்னும் மோசமாகும்.

உங்கள் ஒழுங்கில் கொம்பிரசர் கடைசியில் நிற்கிறது. ஓவர்டிரைவின் இரைச்சல், டிலேயின் இரைச்சல் எல்லாவற்றையும் அது சேர்த்துத் தூக்குகிறது. டிலேயில் தேய்ந்து போக வேண்டிய எதிரொலிகளையும் பிடித்து மேலே இழுக்கும், பாட்டு குழம்பும். கிற்றாரில் இருந்து வரும் வயரை நேரே கொம்பிரசரில் குத்துங்கள். பிறகு ஓவர்டிரைவ், அதற்குப் பிறகு டிலே. ஒலிப்பதிவுக் கூடத்தில் கடைசியில் கொம்பிரசர் வைப்பார்கள், அது வேறு தேவை.

சஸ்டெய்னைப் பாதியில் வைத்துத் தொடங்குங்கள். அற்றாக் திருகியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பி, பிக் (தட்டுகிற சிறு தகடு) தந்தியில் படுகிற 'டக்' தெளிவாகக் கேட்கிற இடத்தில் நிறுத்துங்கள். பெடலுக்குப் பெடல் திசை மாறும், ஆகவே காதை நம்புங்கள். அந்த 'டக்' அமுங்கினால் குழுவுக்குள் கிற்றார் காணாமல் போகும். கடைசியாக, பெடலை மிதித்தாலும் விட்டாலும் ஒரே உரப்பாக இருக்கும்படி லெவலை வையுங்கள். சத்தம் கூடினதைச் சஸ்டெய்ன் கூடினது என்று காது எடுத்துக்கொள்ளும்.

மல்லாவி அக்கா:
மாஸ்ரர் சொன்னது சரி. உறுமலை மட்டும் தனியாகப் பாருங்கள். இரைச்சல் வேறு, உறுமல் வேறு. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், சிங்கிள் கொயில் அதை வடிவாகப் பிடிக்கும். கிற்றாரோடு உடம்பைத் திருப்பிப் பாருங்கள், கூடிக் குறைந்தால் பிக்கப் பிடிக்கிறது என்று அர்த்தம். கூடிக் குறையாவிட்டால் அடப்ரரைக் கழற்றி 9 வோல்ற் பற்றரியில் போடுங்கள். உறுமல் போனால் குற்றம் அடப்ரரில். ஒரே அடப்ரரில் இருந்து மூன்று பெடலுக்கும் வயர் பிரித்திருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். வாசிக்காத நேரம் பெடலுக்குள் வரும் கிற்றார் வயரைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் பற்றரி கரைந்துவிடும்.

இன்னொன்று, இதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். திருவிழா மேடையில் ஜெனரேற்றர்தான் இருக்கும். தந்தியில் கை இருக்க, மைக்கில் உதடு பட்டுச் சுள்ளென்று அடித்தால் வாசிக்காதீர்கள். எர்த் சரியில்லை. மின்சாரம் பூட்டினவரைக் கூப்பிட்டுச் சரி செய்த பிறகு ஏறுங்கள்.

ஓமந்தையான்:
கொம்பிரசருக்குப் பிறகு ஓவர்டிரைவை மிகக் குறைந்த கெயினில் (கரகரப்பைக் கூட்டும் திருகி), கரகரப்புத் தெரியாத அளவுக்குப் போட்டுப் பாருங்கள். அதுவும் சத்தத்தை அமுக்கும், இரண்டு பெடலும் பாதிப் பாதி வேலை பார்க்கும். கழுத்துப் பக்கப் பிக்கப் மெலடிக்கு இன்னும் வடிவு. இடது கை விரலால் மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள், வயலின்காரர் செய்வதும் அதுதான்.

வட்டக்கச்சியான்:
எல்லாருக்கும் நன்றி. புதுத் தந்தி போட்டு, பிக்கப்பை இறக்கி, கொம்பிரசரை முதலில் வைத்தேன். மேல் பிரெற்றுகளில் நடுக்கம் போய்விட்டது, சுரம் இப்போது இடைவெளி நிரம்புகிற அளவுக்கு நிற்கிறது. சஸ்டெய்ன் பாதிக்குச் சற்றுக் கீழேயே காணும். பற்றரியில் உறுமல் அநேகமாக இல்லை, ஆக அடப்ரர்தான். பாடகர் பாடுகிற நேரம் நான் சும்மா நிற்கும்போது மட்டும் கொஞ்சம் ஸ்ஸ் கேட்கிறது. அதற்கு வழி உண்டா?

வவுனியா மாஸ்ரர்:
அந்த நேரம் பெடலை அணையுங்கள், அதுவே போதும். வொலியூம் பெடல் கிடைத்தால் கொம்பிரசருக்குப் பிறகு, டிலேக்கு முன்னால் வையுங்கள். காலைத் தூக்கினால் கொம்பிரசர் ஏற்றின இரைச்சலும் சேர்ந்து இறங்கும், டிலேயின் வால் வெட்டுப்படாது. கொம்பிரசருக்கு முன்னால் வைத்தால் கிற்றார் இறங்கும், பெடலின் சொந்த இரைச்சல் அப்படியே நிற்கும். அடப்ரர் புதிதாக வாங்கும்போது பெடலின் பக்கத்தில் கீறியிருக்கும் அடையாளத்தைப் பாருங்கள். இந்த வகைப் பெடல்கள் பெரும்பாலும் நடுவில் மைனஸ் கேட்கும். மாறிக் குத்த வேண்டாம்.