தொப்புள்கொடி ரத்த மாற்றுக்குப் பிறகு வைரஸ் தொற்று: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ரத்தப் புற்றுநோய்க்காக என் தம்பிக்குத் தொப்புள்கொடி ரத்த ஸ்டெம் செல் ஏற்றி இன்று 41-வது நாள். 26-வது நாள் வெள்ளணுக்கள் ஏறத் தொடங்கியதும் அம்மா அழுதேவிட்டார். அந்த நிம்மதி இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. வாராவாரம் எடுக்கும் பிசிஆர் சோதனையில் சைட்டோமெகலோ வைரஸ் தலைகாட்டிவிட்டது.

எப்போதோ உடம்புக்குள் வந்து அடங்கிக் கிடந்த வைரஸ்தானாம் இது. தொப்புள்கொடி ரத்தத்தில் வரும் டி செல்கள் (கிருமியை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள்) எந்தக் கிருமியையும் பார்த்துப் பழகாதவை, எதிர்ப்புச் சக்தி தேறப் பல மாதம் ஆகும் என்றார் டாக்டர். இந்த வைரஸுக்கு இரண்டு மருந்து சொன்னார்கள். கான்சைக்ளோவிர் கொடுத்தால் இப்போதுதான் ஏறிய வெள்ளணுக்கள் இறங்கிவிடலாம். ஃபாஸ்கார்னெட் என்றால் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். கடைசியில் ஃபாஸ்கார்னெட்தான் கொடுக்கிறார்கள். நேற்று ட்ரிப்ஸ் ஓடும்போது, "உதட்டைச் சுற்றி மரத்துப்போகுதுக்கா" என்றான். கால்சியம் குறைந்திருக்கலாம் என்று நர்ஸ் உடனே ரத்தம் எடுத்தார். இப்படி ஒரு அறிகுறி இருப்பதே எனக்குத் தெரியாது.

இதைக் கடந்து வந்தவர்களிடம் கேட்கிறேன். வைரஸ் அளவு இறங்க எத்தனை வாரம் ஆனது? மருந்தை நிறுத்தியதும் திரும்ப வந்ததா? அப்புறம், ஹெச்ஹெச்வி-6 என்ற இன்னொரு வைரஸ் மூளையைத் தாக்கினால் ஞாபகம் தடுமாறும், பிகே வைரஸ் என்றால் சிறுநீரில் ரத்தம் வரும் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் முதலில் எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்? மருந்து விஷயத்தில் டாக்டர் சொல்வதைத்தான் கேட்போம். பக்கத்தில் இருக்கும் நான் எதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். ராத்திரி எந்நேரம் ஆனாலும் எழுதுங்கள், விழித்துத்தான் இருப்பேன்.