கொழும்பு நூதனசாலையில் தமிழருக்கு ஒன்றும் இல்லையாம்! (வன்னியிலிருந்து கொழும்பு போகிறவர்கள் பார்க்க வேண்டிய இடங்கள்)

ஒட்டுசுட்டான் மாஸ்டர்:
நேற்று இங்கே ஒரு தம்பி, கொழும்புக்குப் போகும் வன்னிச் சனத்துக்கென்று பத்து இடங்களைப் பட்டியல் போட்டிருந்தார். தாமரைக் கோபுரம், காலிமுகத்திடல், தெஹிவளை மிருகக்காட்சிசாலை, புறக்கோட்டைக் கடைகள். சரி, போகட்டும். கடைசி வரி இது: "நூதனசாலைக்குப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம், தமிழருக்கு அங்கே ஒன்றும் இல்லை."
அதை வாசித்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. முப்பது வருடம் வரலாறு படிப்பித்தவன் நான். அந்த அருங்காட்சியகக் கட்டடத்துக்குள் மும்மொழிக் கல்வெட்டு நிற்கிறது. 1409ஆம் ஆண்டுத் தேதி போட்டுச் சீன நாட்டில் வெட்டி, செங் ஹே என்ற தளபதி கப்பலில் கொண்டு வந்த கல். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்றே மொழி. தமிழ்ப் பகுதியில், தென்கரையில் இருந்த தெனவரைக் கோயிலின் தெய்வமான தெனவரை நாயனாருக்குக் கொடுத்த பொன்னும் வெள்ளியும் பட்டும் கணக்காக எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்றும் இல்லை என்று எழுத எப்படிக் கை வந்தது?

கிளிநொச்சிப் பொடியன்:
பட்டியல் போட்டது நான்தான் மாஸ்டர். நீங்கள் சொல்வது காலி நகரத்துக் கல். 1911இல் காலியில் கிடைத்தது. நான் எழுதியது கொழும்பைப் பற்றி.

ஒட்டுசுட்டான் மாஸ்டர்:
காலியில் எப்படிக் கிடந்தது என்று தெரியுமா தம்பி? மதகுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்தது. அதைத் தூக்கி நிமிர்த்திக் கொழும்பில் வைத்திருக்கிறார்கள். ஒன்றுதான் கேட்கிறேன். இன்றைக்கு அந்தக் கல் எங்கே இருக்கிறது?

கிளிநொச்சிப் பொடியன்:
இருப்பது கொழும்பில். கல் காலிக் கல்.

பூநகரியான்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். பார்க்க வேண்டிய இடம் என்றால் என்ன? பிள்ளைகளோடு பொழுது போக்கவா, வேலையாகப் போகிறவனுக்கு உதவவா, வரலாறு படிக்கவா? அதை முதலில் முடிவு செய்தால் சண்டையே வராது.

ஒட்டுசுட்டான் மாஸ்டர்:
பூநகரியார், அதெல்லாம் பிறகு பார்க்கலாம். கல் எங்கே இருக்கிறது என்பதற்குத் தம்பி இன்னும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. கல் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். கண்டி அரசர்களின் சிம்மாசனமும் அங்கேதான். 1815இல் வெள்ளைக்காரன் சீமைக்குக் கொண்டு போய், 1934இல் திருப்பித் தந்தது. கடைசியாக அதில் இருந்தவன் கண்ணுச்சாமி என்ற சிறீ விக்கிரம ராஜசிங்கன்.

கிளிநொச்சிப் பொடியன்:
கல் காலியுடையது. சிம்மாசனம் கண்டியுடையது. கொழும்புக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது? தாமரைக் கோபுரம் இருக்கிறது. 350 மீற்றர் உயரம். 2022இல் திறந்த புதிதில் 500 ரூபாய் கொடுத்து மேலே போனேன். துறைமுகம், கடல், பேரை வாவி எல்லாம் காலுக்குக் கீழே தெரியும். என் அம்மா அதுவரை கிளிநொச்சிக் குளக்கட்டைத் தவிர வேறு உயரத்தில் ஏறியதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். அந்தச் சந்தோசத்தை உங்கள் கல் தருமா?

ஒட்டுசுட்டான் மாஸ்டர்:
அம்மா சந்தோசப்பட்டது நல்லது. ஆனால் கோபுரத்தைச் சீனக் கடனில் கட்டினார்கள், அந்தக் கடன் உன் தலையிலும் என் தலையிலும் இருக்கிறது. கல்லும் சீனத்திலிருந்து வந்ததுதான். அது காணிக்கையோடு வந்தது, அதில் நம்முடைய எழுத்து இருக்கிறது. இரண்டில் எதைப் பார்க்கச் சொல்லிப் பிள்ளைகளுக்கு எழுதுவாய்?

வவுனியா நகரான்:
எல்லோரும் கொழும்பைத் தலைநகர் என்று எழுதுகிறீர்கள். நாடாளுமன்றம் 1982இலேயே ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டைக்குப் போய்விட்டது. தியவன்னா வாவி நடுவில், ஜெஃப்ரி பாவா வரைந்த கட்டடம். தலைநகர் கோட்டை. அதுவே தெரியாமல் பட்டியல்.

கிளிநொச்சிப் பொடியன்:
கோட்டையில்தான் நாங்கள் யாழ்தேவியிலிருந்து இறங்குகிறோம் அண்ணை.

வவுனியா நகரான்:
நீர் இறங்குவது கொழும்பு கோட்டை ஸ்டேசனில். நான் சொல்வது வேறு கோட்டை. இந்தக் குழப்பத்தில் என் மச்சான் ஒருவர் ஸ்டேசன் வாசலில் நின்று நாடாளுமன்றத்துக்கு எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று கேட்டவர்.

ஒட்டுசுட்டான் மாஸ்டர்:
வவுனியாரே, அந்தக் கோட்டையைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம். செண்பகப் பெருமாள் அங்கிருந்து படையோடு வந்துதான் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தான். பிறகு அங்கேயே போய்ப் புவனேகபாகு என்ற பெயரில் முடி சூடினான். எனக்குத் தலைநகர் எது என்பது பிரச்சினை இல்லை. கல் எங்கே இருக்கிறது?

மாங்குளத்தாள்:
எல்லோரும் ஆண்களாக இருந்து கல்லையும் கோபுரத்தையும் பேசுகிறீர்கள். வன்னியிலிருந்து கொழும்புக்குப் போகிற சனம் எதற்குப் போகிறது? கிளினிக்குக்கு, பாஸ்போட்டுக்கு, பிள்ளையை விமானம் ஏற்ற. இரண்டு வருடமாக அம்மாவை மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். விடியப்புறம் கோட்டையில் இறங்கினால் கழிவறை எங்கே, சுடுதண்ணீர் எங்கே, எந்த பஸ் என்று ஒருவரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்: மகரகமவுக்கு 138. காலி வீதியால் வெள்ளவத்தைக்கு 100 அல்லது 101. கிளினிக் கொப்பியை பொலித்தீன் பையில் போட்டு மடியில் வைத்திருங்கள், மேலே தட்டில் வைக்க வேண்டாம். நான் ஒருமுறை வைத்து, ஸ்கான் படத்தை மறந்து இறங்கி, அடுத்த தரிப்பு மட்டும் ஓடியிருக்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு அறைக்காரர் நோயாளி என்று தெரிந்ததும் வாடகையை இரட்டிப்பாக்கினார். விலையை முதலே பேசிக்கொள்ளுங்கள்.

ஒட்டுசுட்டான் மாஸ்டர்:
பிள்ளை, நல்லாகச் சொன்னீர். அந்த 138 நூதனசாலைப் பக்கத்தால்தான் போகிறது! இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் கல். இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

மாங்குளத்தாள்:
மாஸ்டர், சத்தி எடுக்கிற தாயை மடியில் சாய்த்துக்கொண்டு போகிற பஸ்ஸிலிருந்து கல் பார்க்க இறங்கச் சொல்கிறீர்களா?

ஒட்டுசுட்டான் மாஸ்டர்:
தாயோடு இறங்கச் சொல்லவில்லை. வழியில் இருக்கிறது என்றுதான் சொன்னேன். வழியில் இருப்பதை இல்லை என்று எழுதலாமா?

முள்ளியவளை மைந்தன்:
பட்டியலில் மிருகக்காட்சிசாலை எதற்கு? போன மாதம் எங்கள் வயலில் யானை புகுந்து ஒரு ஏக்கரைத் துவைத்துவிட்டுப் போனது. காசு கொடுத்து யானை பார்க்கத் தெஹிவளைக்குப் போவோமா? கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலை ஏன் விட்டீர்கள்? பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி முழுவதும் கருங்கல்லாகக் கட்டுவித்தது. வெளியே புறக்கோட்டை வெயில் கொதிக்கும், உள்ளே கால் வைத்தால் தரை குளிரும். தூணில் கையை வைத்துப் பாருங்கள்.

கிளிநொச்சிப் பொடியன்:
கோயிலைச் சேர்க்கிறேன் அண்ணை, மறந்துவிட்டேன். ஆனால் மிருகக்காட்சிசாலையை எடுக்க மாட்டேன். சின்னப்பிள்ளைகள் சிங்கம் பார்க்க வேண்டும்.

ஒட்டுசுட்டான் மாஸ்டர்:
கோயிலைச் சேர்ப்பாயாம், சிங்கத்தை வைத்திருப்பாயாம், கல்லைச் சேர்க்க மாட்டாயாம். தெனவரைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்துக் கொள்ளையடித்தார்கள். கோயில் போய்விட்டது. அந்த நாயனாரின் பெயரைத் தமிழில் சொல்லிக்கொண்டு அந்தக் கல் நிற்கிறது. தம்பி, வெள்ளைக்காரனை எதிர்த்த வன்னி அரசன் பண்டார வன்னியனின் கல் கற்சிலைமடுவில் இருக்கிறதே, அதையாவது நீ பார்த்திருக்கிறாயா?

கிளிநொச்சிப் பொடியன்:
பார்த்தேன். 1803 ஒக்ரோபர் 31இல் கப்டன் வொன் டிரிபேர்க் வன்னியனைத் தோற்கடித்தான் என்று வெள்ளைக்காரன் தன் வெற்றியை எழுதி வைத்த கல்.

ஒட்டுசுட்டான் மாஸ்டர்:
அதே வருடம் ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையை வன்னியன் பிடித்ததை அவன் கல்லில் எழுதவில்லை. எழுதாததையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் அந்தக் கல்லின் முன் நிறுத்துவேன். எத்தனை வகுப்பைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்!

வவுனியா நகரான்:
பண்டார வன்னியனுக்கு வவுனியாவிலும் சிலை இருக்கிறது மாஸ்டர். வன்னி என்றால் முல்லைத்தீவு மட்டும் இல்லை.

முள்ளியவளை மைந்தன்:
சிலை யாரும் வைக்கலாம். அவன் சண்டை பிடித்த மண் எங்களுடையது.

வவுனியா நகரான்:
உங்கள் மண்ணுக்கு வருகிறவன் வவுனியா தாண்டித்தானே வர வேண்டும்?

பூநகரியான்:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

மாங்குளத்தாள்:
நானும் ஒன்று கேட்கிறேன். மகரகம ஆஸ்பத்திரிக்குக் கிட்ட நியாயமான வாடகைக்குத் தமிழ் பேசும் வீட்டுக்காரர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை.

கிளிநொச்சிப் பொடியன்:
அக்கா, விசாரித்துச் சொல்கிறேன். மாஸ்டருக்கு: பட்டியலைத் திருத்தி முள்ளியவளை அண்ணையின் கோயிலைப் போட்டுவிட்டேன். நூதனசாலை வரி அப்படியே இருக்கும். அது காலிக் கல்.

ஒட்டுசுட்டான் மாஸ்டர்:
இருக்கட்டும். நாளைக்கும் வருவேன், நாளை மறுநாளும் வருவேன். கல் எங்கே இருக்கிறது?