பக்கத்தில் இருந்தவர் அசைந்த இடம்

அம்மாபேட்டையிலிருந்து:

அனிமேஷன் குறும்படங்களில் நம்மை நெகிழவைத்த இடங்களைப் பற்றி ஆளுக்கொன்றாக எழுதலாம் என்று பேசிக்கொண்டோம், நானே தொடங்கிவைக்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. படத்தின் கதையோடு நிறுத்திவிடாமல், அதை யாருடன் அமர்ந்து பார்த்தீர்கள், பக்கத்தில் இருந்தவர் எந்த இடத்தில் அசைந்தார் என்பதையும் எழுதுங்கள். ஒரே படத்தில் நான் கலங்கிய இடமும் என் அம்மாயி கலங்கிய இடமும் வேறுவேறாக இருந்ததைக் கண்ட நாளிலிருந்து, எனக்கு என்னுடையதைவிட அவருடையதே முக்கியமாகப் படுகிறது.

அந்தப் படம், நெதர்லாந்தில் பிறந்த மைக்கேல் டுடோக் டி விட் 2000ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘ஃபாதர் அண்ட் டாட்டர்’. சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருதை 2001இல் பெற்றது. எட்டு நிமிடப் படத்தில் ஒருவரும் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. ஒரு தந்தையும் அவருடைய சிறு மகளும் சைக்கிளில் நீர்க்கரைக்கு வருகிறார்கள். தந்தை விடைபெற்றுப் படகை நோக்கி இறங்குகிறார். மனம் கேட்காமல் மறுபடியும் மேலேறி வந்து மகளைத் தூக்கி அணைத்துவிட்டுப் போகிறார். அவர் திரும்பவேயில்லை. மகளோ வாழ்நாள் முழுவதும் அந்தக் கரைக்குச் சைக்கிள் மிதித்து வந்துகொண்டே இருக்கிறாள்: சிறுமியாக, தோழிகளோடு வரும் குமரியாக, கணவனும் குழந்தைகளும் உடன்வரும் தாயாக, கடைசியில் முதுகு வளைந்த கிழவியாக. அதற்குள் தண்ணீர் வற்றிப் புல் முளைத்துவிடுகிறது. அவள் அந்தப் புல்வெளிக்குள் நடந்து போய், மணலில் பாதி புதைந்த படகைக் கண்டு, அதனுள் சுருண்டு படுக்கிறாள். எழுந்து ஓட ஓட வயது குறைந்து, காத்திருக்கும் தந்தையைச் சேர்கிறாள். மனிதர்கள் பெரும்பாலும் தொலைவில் சிறு உருவங்களாகவே தெரிவதால் முகபாவம் என்று நம்பியிருக்க எதுவும் இல்லை. சோகம் வரும் போதெல்லாம் வயலினை உயர்த்தி ‘இப்போது அழு’ என்று கட்டளையிடும் படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை; இங்கே டான்யூப் நதியின் அலைகளைப் பற்றிய ஒரு பழைய வால்ட்ஸ் மெட்டு, ஆடுவதற்கு ஏற்ற அந்த மெட்டு, பிரிவின்போதும் முதுமையின்போதும் கூடவே சுழன்றுகொண்டிருக்கிறது.

அம்மாயிக்கு எண்பதைத் தாண்டிய வயது. எங்களுடையது பட்டு நெசவுக் குடும்பம். தாத்தா தறிக்குழியில் அமர்ந்திருந்த காலம் முழுவதும் அவருக்கு ஊடை நூலைக் குச்சிகளில் தார் சுற்றிக் கொடுத்தவர் அம்மாயி. கை சும்மா இருந்தால் உறக்கம் வராது என்று இன்றும் மாலையானதும் ராட்டையின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அப்படி அவர் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மாலையில் மடிக்கணினியைத் திண்ணையில் வைத்துப் படத்தைப் போட்டேன். முடிவில் மகள் தந்தையைக் கட்டிக்கொண்டபோது, ஐந்தாவது முறையாகப் பார்த்தபோதும் எனக்குக் கண் நிறைந்தது. அம்மாயியின் ராட்டை அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்குப் படம் எட்டவில்லையோ என்றுகூட நினைத்தேன். பிறகுதான் நினைவுக்கு வந்தது: சற்று முன்னால், வேறோரிடத்தில், ராட்டை நின்றிருந்தது.

கிழவியான மகள் கடைசி முறையாகக் கரைக்கு வந்து சைக்கிளை நிறுத்துகிறாள். அது சாய்ந்து விழுகிறது. திரும்பி வந்து நிமிர்த்துகிறாள், மறுபடியும் விழுகிறது. பிறகு அப்படியே விட்டுவிட்டு நடக்கிறாள். நான் அதை முதுமையின் தள்ளாமையைக் காட்டும் சிறு வேடிக்கை என்று கருதிக் கடந்துபோயிருந்தேன்.

“சைக்கிளு விழுந்ததும் எடுத்து நிறுத்துனா. அப்பறம் கெடக்கட்டும்னு போறா பாரு கண்ணு, அப்பவே தெரிஞ்சுபோச்சு, இவ இனிமே வூட்டுக்குத் திரும்பறதில்லன்னு” என்றார் அம்மாயி.

தாத்தா வாரந்தோறும் மடித்த சேலைகளைக் கேரியரில் கட்டிப் பொன்னம்மாபேட்டையிலிருந்த முதலாளி வீட்டுக்குச் சைக்கிளில்தான் கொண்டுபோவார். ஸ்டாண்டு தேய்ந்துபோன சைக்கிள் அது. கயிற்றை இறுக்கி முடிக்கும்வரை சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது அம்மாயியின் வேலையாக இருந்தது. எத்தனை ஆண்டுகள் அப்படிப் பிடித்தார் என்று நான் கேட்டதில்லை. விழுந்த சைக்கிளை விட்டுவிட்டுப் போவது என்றால் என்ன என்று அவருக்கு ஒருவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கன்னங்குறிச்சியிலிருந்து:

சுருக்கமாக எழுதுகிறேன். என் மகளுக்கு நான்கு வயது. ‘பைப்பர்’ பார்த்தோம், ஆலன் பாரிலாரோ இயக்கிப் பிக்ஸார் 2016இல் வெளியிட்ட, ஆறு நிமிடப் படம். எங்கள் மூக்கனேரியின் கரைச் சேற்றில் குளிர்மாதங்களில் வாலை ஆட்டியபடி இரை தேடுமே உள்ளான், அந்த இனத்துக் குஞ்சு ஒன்று கடலலைக்குப் பயந்து கூட்டை விட்டு வர மறுத்து, மணலுக்குள் புதைந்து அலையைத் தாங்கும் சிறு நண்டைப் பார்த்துத் துணிவு பெறுகிறது. தண்ணீருக்கடியில் அது கண்ணைத் திறக்கும் இடத்தில் மகள் கைதட்டினாள். எனக்கு அதற்கு வெகு முன்பே தொண்டை அடைத்துவிட்டது. குஞ்சு வாயைத் திறந்து காத்திருக்கையில், தாய்ப்பறவை ஊட்டாமல் தள்ளி நின்று, ‘நீயே வந்து எடு’ என்பதுபோல் பார்க்கிறதே, அந்த இடம். மகளைப் பள்ளியில் சேர்த்த முதல் வாரம் அது. வாசலில் அவள் கையை விடுவித்துக்கொண்டு வந்த காலைகளில் நான் கல்மனத்தோடு வந்ததாகவே எண்ணியிருந்தேன்.

குரங்குச்சாவடியிலிருந்து:

அம்மாயியின் சொல்லைப் படித்தபின் என் மாமனாரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜப்பானியரான குனியோ கட்டோ 2008இல் உருவாக்கிய ‘லா மேசோன் ஆன் பெத்தி க்யூப்’ என்ற பன்னிரண்டு நிமிடப் படத்தை அவருக்குக் காட்டினேன். இதுவும் பேச்சில்லாத படம்தான். 2009இல் ஆஸ்கர் பெற்றது. கடல்மட்டம் உயர்ந்துகொண்டே இருக்கும் ஓர் ஊரில் தனியாக வாழும் கிழவர், தண்ணீர் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் செங்கல் அடுக்கி வீட்டின்மேல் இன்னொரு வீட்டைக் கட்டிக்கொள்கிறார். ஒருநாள் அவருடைய புகைக்குழாய் தண்ணீரில் விழுந்துவிட, அதைத் தேடி முக்குளிப்பு உடையோடு கீழே இறங்குகிறார். ஒவ்வொரு தளமாக இறங்க இறங்க, மனைவி நோயுற்றிருந்த அறை, மகளின் திருமணக் காலம், மகள் சிறுமியாக இருந்த நாள்கள் என்று வாழ்க்கை பின்னோக்கித் திறக்கிறது. அடித்தளத்தில், தண்ணீரே இல்லாத காலத்தில், இளம் கணவனும் மனைவியும் சேர்ந்து முதல் வீட்டைக் கட்டுகிறார்கள்.

மாமனாரின் தாயார் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்புக்குள் போன ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவர். 1925இல் தொடங்கிய அணைப்பணி 1934இல் முடிந்தபோது அந்தக் குடும்பங்கள் மேட்டுக்கு வந்து புதிதாகக் குடியேறின. மாமனார் பிறந்தது அதற்குப் பிறகு; அந்த வீட்டை அவர் கண்ணால் கண்டதில்லை. நீர்மட்டம் தாழ்ந்து பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி வெளியே தெரியும் ஆண்டுகளில் அவருடைய தாயார் அவரைக் கரைக்கு அழைத்துப் போவாராம். நந்தியை வைத்துத் திசை பிடித்து, இங்கே கிணறு, இங்கே நம் வாசல், இங்கே புளியமரம் என்று கையை நீட்டிச் சொல்வாராம்.

படத்தில் நினைவுகள் வரும் இடங்களில் மாமனார் அமைதியாகத்தான் இருந்தார். முடிவில் கிழவர் கீழேயிருந்து கொண்டுவந்த கோப்பையையும் மேசைமேல் வைத்து, இரண்டிலும் மது ஊற்றி, ஒன்றோடொன்று மெல்லத் தட்டும் இடத்தில் நான் முந்தானையைத் தேடினேன். அவர் அதையும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். படம் முடிந்து வெகுநேரம் கழித்து, சாப்பிட உட்கார்ந்தபோதுதான் சொன்னார்: “அவருக்கு உள்ள போய்ட்டு வர முடிஞ்சுதும்மா.” நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். “எங்கம்மா கரையில நின்னு கையத்தான் காட்டுச்சு” என்றார்.

கிழவர் தரையில் ஒரு கதவைத் திறந்து தண்ணீருக்குள் இறங்கும் கணம்தான் அவர் அசைந்த இடம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்கு அது கதை நகர்வதற்கான வழியாக மட்டுமே தெரிந்திருந்தது.

சில நாள் கழித்து, பண்ணவாடிக்கு ஒரு முறை போய்வரலாமா என்று அவரே கேட்டார். என் கணவர், அணை 120 அடியும் நிரம்பிக் கிடக்கிறது, இப்போது போனால் எதுவும் தெரியாது என்றார். பரவாயில்லை என்று அழைத்துப் போனோம். நந்தியும் இல்லை, கோபுரமும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே நீர்ப்பரப்பு. மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டு நீரோரத்தில் நின்றார். என் மகனைப் பக்கத்தில் அழைத்து, ஒரு அடையாளமும் இல்லாத தண்ணீரை நோக்கிக் கையை நீட்டி, “அங்க” என்றார்.

ஏற்காட்டிலிருந்து:

என் தாத்தா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மலையில் காப்பித் தோட்ட நாற்றங்காலில் வேலை பார்த்தவர். நன்றாகப் பழுத்த பழத்தை மட்டும் பறித்து, தோல் நீக்கி, தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழித்து, மற்றதைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி, அதன் பிறகும் முறத்தில் பரப்பி ஒவ்வொரு விதையாகப் பார்ப்பார். விதைத்தது தலையில் தொப்பி போட்டதுபோல் மண்ணைவிட்டு எழும் பருவத்தில், வேர் முறியாமல் எடுத்துப் பைகளுக்கு மாற்றுவார். இன்று கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வருபவர்கள் சாலையோரத்தில் பார்க்கும் காப்பிச் செடிகளில் எத்தனை அவர் கை பட்டவை என்று எனக்குத் தெரியாது.

அவருக்கு நான் போட்டுக் காட்டியது கனடாவைச் சேர்ந்த பிரெடரிக் பாக் 1987இல் முடித்த ‘தி மேன் ஹூ பிளான்டட் ட்ரீஸ்’. முப்பது நிமிடம் ஓடும். அவர் பல ஆண்டுகள் உழைத்து, வண்ணப் பென்சிலால் ஆயிரக்கணக்கான படங்களைத் தம் கையால் வரைந்து இதை உருவாக்கினார். மலைமுகட்டுக் காற்று புல்லைச் சாய்ப்பதுபோலக் கோடுகள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிக்கொண்டே போகும். பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ஜியோனோவின் கதை. ஆளற்ற மலையில் ஓர் ஆட்டிடையர் தனியாக ஓக் விதைகளை ஊன்றிக்கொண்டே போகிறார். மூன்று ஆண்டுகளில் ஊன்றியவை 1,00,000; முளைத்தவை 20,000; அவற்றிலும் பாதி அழியும் என்று கணக்கிட்டு, பத்தாயிரமேனும் நிற்கும் என்கிறார். பிற்காலத்தில் காடு வருகிறது, வறண்ட ஓடையில் நீர் வருகிறது, மனிதர்களும் வருகிறார்கள். அந்த ஓடையில் மறுபடி நீர் ஓடும் காட்சியில்தான் நான் ஒவ்வொரு முறையும் கரைந்துபோவேன்.

படத்தில் வர்ணனைக் குரல் உண்டு. தாத்தாவுக்கு அந்த மொழி தெரியாது. நான் இடையிடையே சொல்லத் தொடங்கியதும், வேண்டாம் என்று கையமர்த்திவிட்டார். வெளியே சில்வர் ஓக் மரங்கள் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். இடையர் இரவில் விளக்கொளியில் மேசைமேல் விதைகளைக் கொட்டிப் பொறுக்குகிறார். உதவ முன்வரும் விருந்தாளியை வேண்டாம் என்கிறார். சிறியதையும் கீறல் விழுந்ததையும் ஒதுக்கி, நல்லதாக நூறு சேர்ந்ததும் எழுகிறார். தாத்தா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அவருடைய வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வேட்டியின்மேல் எதையோ புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. “வெடிச்சத எடுத்துட்டாரு பாத்தியா” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

காடும் ஓடையும் வந்தபோது மகிழ்ச்சியாகத்தான் பார்த்தார். அந்த விரல்கள் மட்டும் மறுபடி அசையவில்லை. இவர் எந்த ஊரில் இருந்தார் என்று முடிவில் கேட்டார். ஜியோனோ கற்பனை செய்த மனிதர், கதைதான் என்றேன். சற்று யோசித்துவிட்டு, “கத இருந்துட்டுப் போவுது. பொறுக்குன விதம் நெசம்” என்றார்.

மீண்டும் அம்மாபேட்டையிலிருந்து:

குரங்குச்சாவடி அக்காவுக்கு ஒரு செய்தி. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, நேற்று மாலை அம்மாயிக்கும் அந்தக் கிழவரின் படத்தைப் போட்டேன். இந்த முறை படத்தைவிட ராட்டையையே அதிகம் கவனித்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். இரண்டு கோப்பைகளும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் நிற்கும் என்று எதிர்பார்த்தேன், நிற்கவில்லை. தரைக்கதவு திறந்தபோதும் நிற்கவில்லை. அதற்கும் முன்பே, படகில் வரும் வியாபாரி விதவிதமான புகைக்குழாய்களை எடுத்து நீட்ட, கிழவருக்கு ஒன்றும் மனத்துக்குப் பிடிக்காமல் போகிறதே, அங்கே நின்றது.

“புதுசு வாங்கிக்கிட்டா ஆச்சு. வேண்டாம்னுட்டாரு” என்றார் அம்மாயி. அறுந்திருந்த இழையை எச்சில் தொட்டு முறுக்கி ஒட்டிவிட்டு, மறுபடி சுற்றத் தொடங்கினார். உங்கள் மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள்.