மறு: இன்ஃபிக்ஸுக்கு ‘இடைநிலை’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

நேற்று இரவு எல்லா மடல்களையும் ஒருசேரப் படித்தேன். கேள்வியைக் கிளப்பியவன் நான்தான் என்பதால் ஒரே மடலாகப் பதில் எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வரி: 2009-இல் வந்த ‘அவதார்’ படத்துக்காக மொழியியலாளர் பால் ஃப்ரோமர் உருவாக்கிய நாவி மொழியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன், அதில் வினைச்சொல் பகுதிக்கு வந்ததும் மாட்டிக்கொண்டேன்: சொல்லைப் பிளந்து உள்ளே புகும் துணுக்கை ஆங்கிலத்தில் இன்ஃபிக்ஸ் என்கிறார்கள், அதைத் தமிழில் ‘இடைநிலை’ என்று சொல்லலாமா என்பதுதான் என் கேள்வி.

> இடைநிலை என்று நன்னூலிலேயே இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, நானும் முதலில் அப்படித்தான் நினைத்து ஒரு பக்கம் முழுக்க ‘இடைநிலை’ என்றே எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோதுதான் இடித்தது. செய்தான் என்பதைப் பிரித்தால் செய் + த் + ஆன். பகுதி முடிந்த பிறகு, விகுதி தொடங்கும் முன், அந்த இடைவெளியில் ‘த்’ உட்காருகிறது. ‘செய்’ என்ற பகுதியை அது தொடவே இல்லை. (வந்தான் என்பதில் வா குறுகி வ ஆகிறதே என்று யாராவது கேட்பீர்கள். அது விகாரம், உள்ளே எதுவும் நுழையவில்லை.)

நாவியில் நடப்பது வேறு. ‘தரொன்’ என்றால் வேட்டையாடு. இறந்த காலம் தமரொன், எதிர்காலம் தயரொன், நடந்துகொண்டிருப்பது தெரரொன், நடந்து முடிந்தது தொலரொன். காலம் காட்டும் அம், அய் இரண்டும், செயலின் நிலை காட்டும் எர், ஒல் இரண்டும் வினைக்கு முன்னாலும் ஒட்டவில்லை, பின்னாலும் ஒட்டவில்லை. வினையைப் பிளந்துகொண்டு உள்ளே போகின்றன. பிளவு எங்கே விழுகிறது என்று பாருங்கள்: த் + அம் + அரொன். ‘த’ என்ற உயிர்மெய்யில் மெய்யை இந்தப் பக்கமும் உயிரை அந்தப் பக்கமும் தள்ளிவிட்டு நடுவில் நுழைகிறது!

ரோமன் எழுத்தில் எழுதினால் இது ஒரு கோடு போட்ட மாதிரி கண்ணுக்குத் தெரிகிறது. நம் எழுத்தில் ‘தமரொன்’ என்று எழுதியதும் பிளவு மறைந்துபோய், ஏதோ ‘ம’ கூடியிருக்கிறது என்றுதான் வாசகர் நினைப்பார். அதனால் கட்டுரையில் ஒவ்வொரு சொல்லையும் மெய்யும் உயிருமாகப் பிரித்தே காட்டப் போகிறேன். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை.

இன்னொன்று, ஒரே வினையில் இப்படி இரண்டு இடங்கள் உண்டு. காலமும் நிலையும் கடைசிக்கு முந்தைய அசையின் உயிருக்கு முன்னால் போகும், பேசுபவரின் மனநிலை கடைசி அசையின் உயிருக்கு முன்னால். ‘எயி’ மகிழ்ச்சி. தமரெயியொன் என்றால் வேட்டையாடினான், எனக்கு அதில் சந்தோஷம். படம் பார்த்த எல்லோருக்கும் தெரிந்த ‘ஒயெல் ஙத்தி கமெயியெ’ என்ற வாழ்த்திலும் இதுதான் இருக்கிறது. ‘கமெ’ என்றால் காண், ஆனால் வெறும் கண்ணால் பார்ப்பது அல்ல, உள்ளத்தை உணர்ந்து காண்பது. அதன் நடுவில் எயி புகுந்து கமெயியெ. ‘ஙத்தி’யில் ங என்றால் நீ, தி நம் ஐ உருபு மாதிரி. ஒயெ என்றால் நான். அதன் பின்னால் வரும் ‘ல்’ செய்பவரைக் காட்டும் உருபு, அதற்குத் தமிழில் ஈடு கிடையாது. நம் எழுவாய்க்கு உருபே இல்லையே. ஆனால் செயப்படுபொருள் கேட்காத வினை வந்தால் நாவியிலும் இந்த ‘ல்’ வராது.

சிறுவயதில் ‘ஙப்போல் வளை’ தவிர ங-வில் தொடங்கும் எதையும் படிக்காத எனக்கு, நீ என்பதற்கே ங என்று ஒருவர் வைத்திருப்பதைப் பார்த்ததும் ஒரு குஷி. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

> சினிமாவுக்காக இட்டுக்கட்டிய மொழிக்கெல்லாம் கலைச்சொல் செலவழிக்க வேண்டுமா?

மொழிதான் இட்டுக்கட்டியது, இந்த வழக்கம் இல்லை. பிலிப்பைன்ஸின் தகலோகில் சுலத் என்றால் எழுது, சுமுலத் என்றால் எழுதினார்: ஸ் + உம் + உலத். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். குழுவில் மலேசிய நண்பர்கள் இருக்கிறீர்கள், மலாயில் துன்ஜுக் என்றால் சுட்டு, தெலுன்ஜுக் என்றால் சுட்டுவிரல். த் + எல் + உன்ஜுக். தினமும் புழங்கும் சொல். அதை விளக்கத் தமிழில் ஒரு சொல் வேண்டாமா? நாவிக் கட்டுரை ஒரு சாக்குதான்.

> இடையொட்டு என்று ஏற்கனவே சிலர் எழுதுகிறார்கள்.

எழுதுகிறார்கள், தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘இடை’ என்றதும் இரண்டு பொருள்களுக்கு இடையே என்றுதான் மனம் போகிறது, மறுபடி செய் + த் + ஆன்தான். அதோடு இரண்டு சொற்களை இணைக்க நடுவில் வரும் துணுக்கு ஒன்று இருக்கிறது. எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் வபோர் (நீராவி), ஷிபோ (கப்பல்) இரண்டையும் சேர்க்கும்போது வாய்க்கு வசதியாக நடுவில் ஓர் ‘ஒ’ வைத்து வபோரொஷிபோ என்பார்கள். இடையொட்டு என்ற பெயர் அதற்குத்தான் கச்சிதம். சாரியை என்றும் சொல்லலாம். மரத்தை என்பதில் வரும் அத்து கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் செய்கிறது.

> ஒட்டு என்றாலே வெளியே ஒட்டுவது. உள்ளே எப்படி ஒட்டும்? செருகல் என்று வையுங்கள்.

இதுதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்த மடல். மலாயில் இதை சிசிப்பான் என்கிறார்கள், செருகியது என்றுதான் பொருள், ஆக நீங்கள் சொல்வதற்குப் பக்கத்து நாட்டுச் சாட்சியே இருக்கிறது. ஆனால் முன்னொட்டு, பின்னொட்டு என்று இரண்டு பேர் நிற்கும் வரிசையில் மூன்றாமவர் மட்டும் ‘செருகல்’ என்று வந்தால் குடும்பத்தில் சேராத பெயராகத் தெரிகிறது. செருகொட்டு? நாக்கு இடறுகிறது, எனக்கு மட்டுமா தெரியவில்லை.

ஒட்டு என்றால் வெளியேதான் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒட்டு மாங்கன்று எப்படிக் கட்டுகிறார்கள்? ஒரு முறையில் வேர்ச்செடியின் தண்டை நடுவில் பிளந்து, சீவிய குச்சியை அந்தப் பிளவுக்குள் இறக்கித்தான் கட்டுகிறார்கள். பசை தடவி மேலே ஒட்டுவது தபால்தலைக்கு. நாவி வினையில் நடப்பது மாங்கன்று ஒட்டு. ஆகவே என் தேர்வு உள்ளொட்டு. வினையாகச் சொல்லும்போது உங்கள் செருகு வரட்டும்: “தரொன் என்ற வினைக்குள் அம் என்ற உள்ளொட்டைச் செருகினால் தமரொன்.” இயல்பாகத்தான் இருக்கிறது.

> ஒலிகளை எப்படித் தமிழில் காட்டப் போகிறீர்கள்?

திண்டாட்டம்தான். முதல் படத்தில் கேட்கும் பேச்சில் ஆங்கில பி, டி, ஜி மாதிரியான அதிர்வொலிகளே கிடையாது. நாமோ ‘ஙதி’ என்று எழுதினால் ‘அதிகம்’ என்பதில் வருகிற மாதிரி மெலித்துப் படிப்போம். அதனால்தான் மேலே ஙத்தி என்று இரட்டித்தேன். அப்புறம் க், த், ப் மூன்றுக்கும் இன்னொரு வடிவம் உண்டு. தொண்டையில் குரல்வளையை மூடிக்கொண்டு, வாய்க்குள் அடைபட்ட காற்றை மட்டும் சட்டென்று வெளியே தள்ளும் ஒலி. ஜார்ஜிய மொழியிலும் எத்தியோப்பியாவின் அம்ஹாரிக்கிலும் இது சாதாரணம். ரோமன் எழுத்தில் பக்கத்தில் ஓர் எக்ஸ் போடுகிறார்கள். நான் ஆய்தம் போட்டுப் பார்த்தேன், ப்ஃ என்று எழுதியதை வீட்டில் எல்லோரும் ‘ஃப்’ என்றே படித்தார்கள், ஆக ஆய்தம் வேண்டாம். இப்போதைக்கு மேற்புள்ளி போல ஒரு கொம்பு: க்’, த்’, ப்’. முட்டாள் என்பதற்கு நாவிச் சொல் ஸ்க்’அவ்ங். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் ஆள் இல்லாதபோது.

இந்த ஒலிவகைக்கு ‘வெடிப்பொலி’ என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். அது சாதாரண க், த், ப் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகப் போய்விட்டது. ‘உந்தொலி’ எப்படி? காற்றை உந்துவதால். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, நல்லதாக ஒன்று வந்தால் மாற்றிக்கொள்கிறேன்.

உள்ளொட்டில் கொஞ்சம் பிடிவாதம் இருக்கிறது. ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் அதையே போட்டுவிடுகிறேன். ஏற்கனவே ‘இடைநிலை’ என்று எழுதிய பக்கத்தை இன்றைக்கே திருத்தத் தொடங்குகிறேன், பதினேழு இடத்தில் இருக்கிறது.