சொந்தப் படங்களில் கொலாஜ்: வெட்டிய துண்டுகள் ஒன்றோடொன்று சேராமல் நிற்கின்றன

வளவுவாசி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டில் வெவ்வேறு நேரங்களில் கைப்பேசியால் எடுத்த படங்களைக் கொண்டு, ஏ3 அளவில் அச்சிட்டுச் சட்டம் போட்டு மாட்டும்படி ஒரு கொலாஜ் (வெட்டிய படத்துண்டுகளைச் சேர்த்து அமைக்கும் படம்) செய்து வருகிறேன். நிலைக்கதவின் செதுக்கல், வளவு (உள்முற்றம்) தூண், ஆத்தங்குடித் தளக்கற்கள், திண்ணையில் அமர்ந்திருக்கும் அப்பத்தா ஆகியவற்றைத் தனித்தனியே வெட்டி ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் அடுக்கியிருக்கிறேன். ஓரங்களைப் பொறுமையாகவே வெட்டியிருந்தும், ஒவ்வொன்றும் மேலே ஒட்டிய ஸ்டிக்கர் போலத்தான் தெரிகிறது. வெட்டும் முறையை மாற்ற வேண்டுமா?

நிழல்நோக்கி:
வெட்டில் குறை இருக்காது. பெரும்பாலும் ஒளிதான் ஒத்துப்போயிருக்காது. மாலை வெயிலில் எடுத்த கதவு மஞ்சளாகவும், உச்சிப்பொழுதில் வளவின் நிழலில் எடுத்த தூண் நீலம் பாய்ந்தும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே நிறத்தை நீக்கும் ஒரு லேயர் (அடுக்கு) சேர்த்துப் படத்தைத் தற்காலிகமாகக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். ஒரு துண்டின் கருமை அடர்ந்தும் இன்னொன்றின் கருமை சாம்பல் பூத்தும் இருப்பது உடனே தெரிந்துவிடும். முதலில் அவற்றை கர்வ்ஸில் (வெளிச்சத்தையும் கருமையையும் கூட்டிக் குறைக்கும் கருவி) சமன் செய்துவிட்டு, நிறத்தைப் பிறகு கவனியுங்கள்.

அடுத்தது, அப்பத்தா திண்ணையைத் தொடும் இடம். அங்கே, கீழுள்ளதைக் கருமையாக்கும் மல்டிப்ளை முறையில் ஒரு தனி லேயர் வைத்து, முழுக் கறுப்பைத் தவிர்த்து, திண்ணையிலிருந்தே எடுத்த கரும்பழுப்பால் நிழல் தீட்டுங்கள்: சேலை படும் கோட்டில் ஒடுக்கமாகவும் அடர்த்தியாகவும், விலக விலக அகலமாகவும் மங்கலாகவும். ஒளி எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறதே என்று படத்தை இடவலமாகத் திருப்புவதானால் கவனம் தேவை. முந்தானை மற்றத் தோளுக்கு மாறிவிடும், வீட்டார் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அழிப்பானைத் தொடவே வேண்டாம். லேயர் மாஸ்க்கில் (லேயரின் பகுதிகளை அழிக்காமல் மறைக்கும் திரை) கறுப்பால் மறைத்தால், வேண்டும்போது வெள்ளையால் மீட்டுக்கொள்ளலாம்.

கத்திரிக்கோல்:
மேலே சொன்னவை யாவும் சரியானவையே. ஆனால் அவை ஒட்டு தெரியாத ஒரே படத்தை உருவாக்குவதற்கான வழிகள். கொலாஜில் ஒட்டுத் தெரிவது குறையாகாது. பெர்லின் டாடா என்ற கலைக்குழுவின் ஹன்னா ஹோக் இதழ்களிலிருந்து வெட்டிய படங்களை வெட்டோரம் தெரியவே ஒட்டினார். ஓவியர் டேவிட் ஹாக்னி 1982-இல், எடுத்தவுடன் அச்சாகி வரும் போலராய்டு படங்களை அவற்றின் வெள்ளை விளிம்போடு வரிசையாக அடுக்கி, ஒரே இடத்தைப் பல கணங்களிலும் பல கோணங்களிலும் காட்டினார். பல நேரங்களில் எடுத்தவை உங்கள் படங்கள். காலைக் கதவும் மாலைக் கதவும் அருகருகே நிற்கட்டுமே. ஸ்டிக்கர் போலத் தோன்றுவதற்குக் காரணம், ஒட்டை மறைக்க முயன்று பாதியில் விட்டதாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

தளக்கல் பற்றி ஒன்று: ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வண்ணம் ஊற்றிச் செய்யப்படுவதால், ஒன்றைப் போல் இன்னொன்று அச்சாக அமைவதில்லை. ஒரே கல்லை நகலெடுத்துப் பரப்பினால் கடையில் வாங்கிய வினைல் விரிப்பு போலாகிவிடும். நான்கைந்து கற்களையாவது எடுத்து, சாய்ந்த கோணத்தைப் பெர்ஸ்பெக்டிவ் கருவியால் நேராக்கிக் கலந்து பரப்புங்கள்.

அச்சுக்கூடம்:
எந்த வழியானாலும் அளவை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஏ3 தாளை அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் அச்சிட 3508 × 4961 பிக்சல் தேவை. பல கைப்பேசிகள் தரும் 4000 × 3000 பிக்சல் படமே முழுத்தாளை நிரப்பாது என்னும்போது, அதிலிருந்து வெட்டிய 800 பிக்சல் அகலச் செதுக்கல் தாளில் ஏழு சென்டிமீட்டரைக்கூட எட்டாது. பெரிதாகக் காட்ட விரும்பும் பகுதியை அருகில் சென்று மீண்டும் படம் எடுப்பதே நல்லது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கியே வந்து சேரும் என்பதால், மூலப் படங்களைக் கேபிள் வழியாகக் கணினியில் ஏற்றுங்கள். ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பை லேயர்களுடன் வைத்துக்கொண்டு, அச்சகத்துக்கு அதன் நகலை மட்டும் ஒன்றாக்கிக் கொடுங்கள்.