சூளைக் கட்டுப்படுத்தியில் வரும் ‘சோக்’: ‘தங்கல்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மட்பாண்டம் சுடும் மின்சூளையை ஒரு வெப்பநிலையில் குறித்த நேரம் வைத்திருப்பதை ஆங்கிலத்தில் ‘சோக்’ (soak) என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் பேச்சில் ‘ஊறல்’, ‘வெப்ப நிறுத்தம்’, ‘தம்’ என்று மூன்று சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்குச் சிக்கல் தெரிகிறது. அதைச் சொல்ல, சூளையின் வெப்பத்தை ஆளும் கட்டுப்படுத்திப் பெட்டி என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மின்சூளைக்குள் ஒரு வெப்ப மின்னிரட்டை (தெர்மோகப்புள்), அதாவது வெப்பத்தைச் சிறு மின்னழுத்தமாகக் காட்டும் இரட்டைக் கம்பி, நீட்டிக்கொண்டிருக்கும். கே வகை என்றால் 1000 டிகிரி செல்சியஸில் அது தருவது சுமார் 41 மில்லிவோல்ட். அதுவும் சூளைக்குள் இருக்கும் முனைக்கும் வெளியே கம்பி இணையும் முனைக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் காட்டும். அதனால் கட்டுப்படுத்தி தன் பக்கத்து வெப்பநிலையையும் அளந்து கூட்டிக்கொள்கிறது. கிடைத்த எண்ணை இலக்கோடு ஒப்பிடுகிறது. எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம், எவ்வளவு நேரமாக, எந்த வேகத்தில் நெருங்குகிறோம் என்ற மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, ரிலே என்ற மின் சுவிட்ச் வழியாகச் சூடேற்றும் சுருள்களுக்கு மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கிறது.

நிரல் (எந்த வேகத்தில் ஏறுவது, எங்கே எவ்வளவு நேரம் இருப்பது என்ற பட்டியல்) போடாத கட்டுப்படுத்தியிலும் இது உண்டு. நிரல் வந்ததும் இலக்கே நகரத் தொடங்குகிறது. மணிக்கு 60 டிகிரி என்று கொடுத்தால் இலக்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி மேலே போகும், சூளை அதைத் துரத்தும். அதுதான் ராம்ப். சோக்கில் இலக்கு ஓரிடத்தில் இருக்க, கடிகாரம் ஓடும். ஆனால் சூளைச் சுவர் வழியே வெப்பம் போய்க்கொண்டே இருப்பதால் ரிலே ஓயாமல் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே ‘வெப்ப நிறுத்தம்’ ஆபத்தான சொல். என் பயிற்சிக் குறிப்பில் நானே ‘1220-ல் 15 நிமிடம் நிறுத்தம்’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த மாணவி ஒருவர் 1220 வந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். அவர்மேல் தவறில்லை, தமிழில் நிறுத்து என்றால் அதுதானே பொருள். கிளேஸில் (பானைமேல் பூசும் கண்ணாடிப் பூச்சில்) எழுந்த குமிழிகள் அடங்க நேரமில்லாமல் ஊசித்துளைகளாக நின்றுவிட்டன. ‘தம்’ எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் அடுப்பை அணைத்த பிறகும் தம்மில் இருக்கிறது என்கிறோம், அதே குழப்பம் திரும்ப வரும்.

ஊறல் என்றால் நமக்குத் தண்ணீர். சூளையில் முதல் வேலையே ஈரத்தை வெளியேற்றுவது. முதல் சூட்டில் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழே இரண்டு மணி நேரம் வைத்திருப்பது, மண்ணில் மிச்சமிருக்கும் நீர் திடீரென ஆவியாகிப் பானையை உடைத்துவிடாமல் இருக்கத்தான். அந்தக் கட்டத்துக்குப் போய் ‘ஊறல்’ என்று பெயர் வைப்பதா?

நான் முன்வைப்பது: ஏறல், தங்கல், இறங்கல். வழிப்போக்கர் ஓர் ஊரில் தங்கினால் பயணம் முடிந்தது என்று யாரும் நினைப்பதில்லை. எங்கே தங்கல், எத்தனை நேரம் என்று கேட்போம். நிரல் கேட்கும் எண்களும் அவையே. பேசிப் பாருங்கள்: “95 வரை மணிக்கு 60 ஏறல், அங்கே 2 மணி நேரம் தங்கல். அப்புறம் 600 வரை மணிக்கு 100 ஏறல்.” நடுவே 573 டிகிரியில் குவார்ட்ஸ் படிகம் மாறிச் சட்டென்று விரியும். அதை மெதுவாகக் கடப்போம், தங்க மாட்டோம். வினையாகவும் சொல் சரியாகவே உட்காருகிறது.

இன்னொன்று. வெப்பநிலையும் நேரமும் சேர்ந்து மண்ணில் செய்யும் மாற்றத்தைக் குறிக்கும் ‘ஹீட் வொர்க்’ என்பதை ‘வெப்பவேலை’ என்று பெயர்க்க வேண்டாம், நம்மிடம் ‘வேக்காடு’ இருக்கிறது. அரைவேக்காடு என்று தினமும் சொல்கிறோமே! 6ஆம் எண் ஆர்ட்டன் கூம்பு (சூளைக்குள் வைக்கும், போதிய வேக்காடு வந்ததும் சாயும் சிறு கூம்பு), கடைசி 100 டிகிரியில் மணிக்கு 60 ஏறினால் சுமார் 1222-ல் சாயும். 150 ஏறினால் சுமார் 1243 வரை தாங்கும். வெப்பநிலை வேறு, வேக்காடு ஒன்று. வெப்பநிலையைக் கூட்டாமல் வேக்காட்டைக் கூட்டுவதற்குத்தான் உச்சியில் தங்கல் வைக்கிறோம்.

நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் ‘படி’ போதுமா, ‘கட்டம்’ வேண்டுமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. படி என்றால் மேலே போவதுபோல் தொனிக்கிறது, ஆறவிடும் பகுதிக்கும் அதே சொல் வேண்டும் என்பதால் கட்டத்தின் பக்கம் சாய்கிறேன். சூளை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.