கிரேக்கமும் லத்தீனும் படிக்க விரும்பும் மகளுக்குப் பரிசுப் பணம் கைகொடுக்குமா?

தோ பாயோ தந்தை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இங்கே சிங்கப்பூரில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். ஆங்கில இலக்கியமும் வரலாறும் எடுத்திருக்கிறாள். வீட்டில் குறுந்தொகையை உரையோடு தானாகவே வாசிக்கிறாள். பல்கலைக்கழகத்தில் கிளாசிக்ஸ், அதாவது பண்டைய கிரேக்க, லத்தீன் மொழிகளையும் அவற்றின் இலக்கியத்தையும் வரலாற்றையும் படிக்க வேண்டும் என்று கடந்த சில மாதங்களாகச் சொல்லி வருகிறாள். பள்ளியில் அவள் இவ்விரு மொழிகளையும் கற்றதில்லை.

சென்ற வாரம் பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒன்றின் கிளாசிக்ஸ் துறைப் பரிசுப் பட்டியலை அச்செடுத்து, இரவு உணவுக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பரிசின் தொகையையும் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த மகள், "இத்தனை பரிசையும் நானே வாங்குவேன் என்று எப்படிப்பா முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். கூட்டுத்தொகையும் ஓராண்டுக் கட்டணத்தின் பக்கத்தில்கூட வரவில்லை.

என் கேள்விகள் இவை: இத்தகைய பரிசுகளையும் உபகாரச் சம்பளங்களையும் நம்பி இப்படிப்புக்குத் திட்டமிடலாமா? லத்தீன் தெரியாமல் சேர்பவருக்கு அவற்றில் ஏதேனும் கிடைக்குமா?

பழைய மாணவி எழுதியது:

வணக்கம் ஐயா. நான் இங்கிருந்து சென்று இதே துறையில் படித்துத் திரும்பியவள். முதலில் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது எளிது. ஆக்ஸ்ஃபர்டில் மொழிப் பயிற்சி இல்லாமல் வருவோருக்கென்றே தனிப் பாதை இருக்கிறது. கேம்பிரிட்ஜில் லத்தீன் படித்தவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பும், படிக்காதவர்களுக்கு முன்னால் ஓராண்டைக் கூட்டி நான்காண்டுப் படிப்பும் உண்டு. அந்தக் கூடுதல் ஆண்டுக்கும் கட்டணம் உண்டு என்பதை உங்கள் பென்சில் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மாணவருக்குப் படிப்புக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல் போகும். தங்குவதும் உண்பதும் தனி.

பரிசுப் பட்டியலைப் பார்த்து நீங்கள் குழம்பியதில் வியப்பில்லை. "ஸ்காலர்ஷிப்" என்ற சொல் அங்கே பொருள் மாறிப் புழங்குகிறது. ஆக்ஸ்ஃபர்டில் முதற்கட்டப் பல்கலைக்கழகத் தேர்வில் முதல் வகுப்பு வாங்கியவரைக் கல்லூரி "ஸ்காலர்" என்று அறிவிக்கும். ஆண்டுக்குச் சில நூறு பவுண்டும், மற்றவர்களுடையதைவிட நீளமான ஓர் அங்கியும் கிடைக்கும். எனக்குத் தெரிந்த ஒரு தோழி அந்தத் தொகை முழுவதையும் ஒரு பெரிய கிரேக்க அகராதிக்கும் இரண்டு சோடிக் கம்பளிக் காலுறைக்கும் செலவிட்டாள். நாம் சிங்கப்பூரில் உபகாரச் சம்பளம் என்றதும் நினைக்கிற, கட்டணம் முழுவதையும் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அதுவன்று. துறைப் பரிசுகளோ ஏற்கெனவே உள்ளே இருக்கும் மாணவர்களுக்கானவை. சேர்வதற்கு முன் எவரும் அவற்றுக்கு விண்ணப்பிக்க முடியாது.

பணமே முதன்மையான தடை என்றால் அமெரிக்காவையும் பாருங்கள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்றும் வெளிநாட்டு மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது குடும்ப வருமானத்தைக் கருதுவதில்லை. சேர்ந்தபின் குடும்பத்தால் இயலாத பகுதியை உதவி நிதியாகத் தருகின்றன. இடம் கிடைப்பது மிக அரிது என்பது வேறு விஷயம்.

யாப்பு வாத்தியார் எழுதியது:

தம்பி, உங்கள் மகள் குறுந்தொகை வாசிக்கிறாள் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பரிசுகளைத் தொகையை வைத்து மட்டும் எடை போட்டுவிடாதீர்கள். ஒரு துறை எதை மதிக்கிறது என்பதை அவை காட்டுகின்றன.

கேம்பிரிட்ஜின் போர்சன் பரிசை எடுத்துக்கொள்ளுங்கள். ஷேக்ஸ்பியர் போன்ற பழைய ஆங்கில நாடகாசிரியர்களின் வரிகளைக் கிரேக்க யாப்பில் செய்யுளாக்குவோருக்கென்று ஏற்பட்ட பரிசு அது. ரிச்சர்ட் போர்சன் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. புரவலர்களின் பணத்தில் படித்தவர். குருத்துவப் பட்டம் பெற மறுத்ததால் 1792-இல் கல்லூரி மானியத்தை இழந்தார். அதே ஆண்டில் கிடைத்த கிரேக்கப் பேராசிரியர் பதவிக்கு ஆண்டுச் சம்பளம் 40 பவுண்டு மட்டுமே. நண்பர்கள் நிதி திரட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 100 பவுண்டு வருமாறு செய்தார்கள். வட்டியை மட்டும் பெற்றுக்கொள்வேன், அசல், கொடுத்தவர்களுக்கே திரும்ப வேண்டும் என்றார் அவர். 1808-இல் அவர் இறந்தபின் அந்த நிதியின் ஒரு பகுதியிலிருந்துதான் இப்பரிசு பிறந்தது.

கிரேக்க நாடகச் செய்யுளில் அவர் கண்டறிந்த விதி ஒன்று உண்டு. அடியின் இறுதியில் மூவசைச் சொல் வந்தால், அதற்கு முன் நிற்கும் அசை குறிலாக இருக்க வேண்டும், அல்லது ஓரசைச் சொல்லாக இருக்க வேண்டும். வெண்பாவில் கனிச்சீர் வராது, ஈற்றடி முச்சீராகி நாள், மலர், காசு, பிறப்பு என்றே முடியும் என்று பயின்ற பிள்ளைக்கு இது அந்நியமாகத் தோன்றாது. மகளிடம் சொல்லிப் பாருங்கள், கண் மலரும்.

பரிசு கடனை அடைக்காது என்பதற்கும் அங்கேயே சான்று இருக்கிறது. கவிஞர் கோல்ரிட்ஜ் 1792-இல் அடிமை வணிகத்தைக் கண்டித்து எழுதிய கிரேக்கப் பாடலுக்காக கேம்பிரிட்ஜில் பிரவுன் பதக்கம் வென்றார். அடுத்து கிரேவன் உபகாரச் சம்பளத்துக்குப் போட்டியிட்டு, கடைசி நால்வரில் ஒருவராக வந்தும் தோற்றார். 1793 டிசம்பரில், கடன் தொல்லையும் சேர்ந்துகொள்ள, பெயரை மாற்றிக்கொண்டு குதிரைப் படையில் சேர்ந்துவிட்டார். குதிரையேற்றம் அவருக்குச் சுத்தமாக வராது என்பது கூடுதல் சோகம்.

ஈசூன்வாசி எழுதியது:

இருவரும் தொடாத ஒன்றைச் சேர்க்கிறேன். பொதுச் சேவை ஆணையத்தின் உபகாரச் சம்பளம் மனிதவியல் பாடங்களுக்கும் தரப்படுகிறது. படித்து முடித்தபின் அரசுப் பணி செய்வதாக ஒப்பந்தம், அதாவது பாண்டு, எழுதிக்கொடுக்க வேண்டும்: ஆங்கிலம் பேசும் நாட்டில் படித்தால் ஆறாண்டு, உள்ளூரில் படித்தால் நான்காண்டு. கிரேக்கம் படித்துவிட்டு அரசு அலுவலகத்தில் என்ன செய்வது என்று சிலர் கேலி செய்வார்கள். நீண்ட அறிக்கையைப் பொறுமையாகப் படித்துப் பிழை கண்டுபிடிக்கத் தெரிந்தவரை எந்த மேலதிகாரியும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

ஆனால் பதினெட்டு வயதில் இடும் கையெழுத்து அது. என் அண்ணன் மகன் வேறொரு நிறுவனத்தின் பாண்டில் கையெழுத்திட்டு, மூன்றாம் ஆண்டில் ஆய்வுப் படிப்பைத் தொடர ஆசை வந்து, ஒத்திவைக்க அனுமதி கேட்டுப் பல மாதம் அலைந்தான். மேற்படிப்புக்காகப் பாண்டைத் தள்ளிவைக்க இடமுண்டா என்பதை நேர்முகத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

தோ பாயோ தந்தை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பரிசுப் பட்டியலை மடித்து மகளிடமே கொடுத்துவிட்டேன். என் பங்குக்கு பாண்டு விதிகளையும் அமெரிக்க உதவி நிதிப் படிவங்களையும் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் விண்ணப்பத்துக்கு அக்டோபர் 15 கடைசி நாள் என்பதால் அடுத்த ஆண்டு அதற்கு முன் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

வாத்தியார் ஐயா, போர்சன் விதியைச் சொன்னேன். "ஓரசைச் சொல்லுக்கு மட்டும் ஏன் விலக்கு?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நேரம் இருக்கும்போது எழுதுங்கள்.